சான்றின் விலை: அரிய கைக்கடிகாரங்களும் ஏல மேடையும்

2016 நவம்பர் 12 அன்று ஜெனீவாவில் ஒரு பழைய கைக்கடிகாரம் ஏலத்துக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் பட்டெக் பிலீப் நிறுவனம் 1940-களில் செய்தது. மாதிரி எண் 1518. விட்டம் 35 மில்லிமீட்டர். இன்று கடைகளில் விற்கும் ஆண்கள் கடிகாரங்களைவிடச் சிறியது. உறை துருப்பிடிக்காத எஃகு. தங்கமோ வைரமோ அதில் கிடையாது. ஃபிலிப்ஸ் ஏல நிறுவனத்தின் சுத்தியல் விழுந்து, நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்தபோது வாங்கியவர் செலுத்த வேண்டியிருந்த தொகை 1 கோடியே 10 லட்சத்து 2 ஆயிரம் சுவிஸ் பிராங்க். அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. 2025 நவம்பரில் அதே கடிகாரம் அதே நகரில் மறுபடி ஏலத்துக்கு வந்து, 1 கோடியே 41 லட்சம் பிராங்கைத் தாண்டியது.

இதே 1518 தங்க உறையிலும் உண்டு. சொல்லப்போனால் பெரும்பாலானவை தங்கத்தில்தான் செய்யப்பட்டன. எகிப்தின் மன்னர் ஃபரூக்கிடம் இருந்த தங்க 1518-ஐ 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் நிறுவனம் துபாயில் ஏலம் விட்டது. கிடைத்த விலை 9 லட்சத்து 12 ஆயிரத்து 500 டாலர். அரசன் அணிந்த தங்கத்தைவிட, முதலில் யார் அணிந்தார் என்று ஊருக்குத் தெரியாத எஃகு பத்து மடங்குக்கும் மேல் விலை போயிருக்கிறது. உலோகத்தின் மதிப்பையும் வேலைப்பாட்டின் மதிப்பையும் வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே வகை இயந்திரம்.

அப்படியானால் எதற்கு இந்த விலை? அரிது என்பதற்காக என்று உடனே சொல்லிவிடலாம். 1941 முதல் 1954 வரை 281 கடிகாரங்கள்தான் இந்த மாதிரியில் செய்யப்பட்டன. லீப் ஆண்டைக்கூடத் தானே கணக்கிட்டுத் தேதி காட்டும் நாள்காட்டியும், நொடிகளை நிறுத்தி அளக்கும் வசதியும் ஒன்றாக அமைந்த கைக்கடிகாரத்தை வரிசையாகத் தயாரித்தது உலகில் அதுவே முதல்முறை. அந்தக் காலத்தில் இவ்வளவு நுட்பமான கடிகாரத்தை வாங்கும் வசதி உள்ளவர் தங்கத்தில்தான் கேட்பார். எஃகில் செய்தவற்றில் இன்று அறியப்பட்டவை நான்கே நான்கு.

ஆனால் நான்குதான் என்பது எப்படித் தெரியும்? யாராவது ஒரு 1518-இன் இயந்திரத்தைக் கழற்றி எஃகு உறைக்குள் பொருத்தி ஐந்தாவதைக் கொண்டுவந்தால்? அதைத் தடுப்பது இரண்டு எண்கள்: உறையில் பொறித்த எண், இயந்திரத்தில் பொறித்த எண். எந்த உறையில் எந்த இயந்திரம், என்றைக்குச் செய்து முடித்தது, என்றைக்கு விற்றது என்பதெல்லாம் பட்டெக் பிலீப் நிறுவனத்தின் பழைய பேரேடுகளில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் அந்தப் பதிவின் சுருக்கத்தைச் சான்றிதழாகத் தருகிறது நிறுவனம். ஜெனீவாவில் கொடுத்த கோடியில் பெரும்பகுதி இந்த உறுதிப்பாட்டுக்கான விலை. அரிய பழைய கைக்கடிகாரங்களின் ஏலச் சந்தை முழுவதையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் புதிர்கள் பலவும் அவிழ்கின்றன. அதன் நோயும் தெரிகிறது.

பயன் போனபின் வந்த மதிப்பு

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ‘ஆஸ்ட்ரான்’ என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்கலத்தில் ஓடும் அது, சாவி கொடுத்து ஓடும் எந்தக் கடிகாரத்தையும்விடத் துல்லியமாக நேரம் காட்டியது. சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் மலிவானது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970 வாக்கில் சுமார் 90 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 1980-களின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் மிஞ்சினார்கள். பல நிறுவனங்கள் மூடப்பட்டன; நேரம் பார்க்கும் கருவி என்ற வகையில் பல்சக்கரக் கடிகாரத்தின் கதை முடிந்தது.

அது கருவியாக இருப்பதை நிறுத்திய இடத்தில்தான் சேகரிப்புப் பொருளாக மாறத் தொடங்கியது. 1980-களில் இத்தாலியச் சேகரிப்பாளர்கள் பழைய ரோலெக்ஸ்களையும் பட்டெக் பிலீப்களையும் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். அதற்குமுன் ஏல நிறுவனங்களில் கைக்கடிகாரம் நகைகளோடு சேர்ந்து விற்கும் சில்லறைச் சரக்கு. பழங்காலச் சட்டைப்பைக் கடிகாரங்களுக்கு இருந்த மரியாதைகூட அதற்கு இல்லை.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஓஸ்வால்டோ பாட்ரிஸி. பின்னாளில் ஆன்டிகோரம் என்று பெயர் பெற்ற ஏல நிறுவனத்தை 1974-இல் ஜெனீவாவில் தொடங்கியவர். பட்டெக் பிலீப்பின் 150-ஆம் ஆண்டையொட்டி 1989 ஏப்ரலில் அந்த ஒரே நிறுவனத்தின் கடிகாரங்களை மட்டும் வைத்து ஓர் ஏலம் நடத்தினார். தடித்த நூலாக அச்சிட்ட பட்டியல், ஒவ்வொரு பொருளுக்கும் வரலாற்றுக் குறிப்பு, நல்ல ஒளிப்படங்கள் என்று ஓவிய ஏலத்துக்கு உரிய மரியாதை கடிகாரத்துக்குக் கிடைத்தது. கடிகார நிறுவனங்களுக்கும் ஆதாயம் புரிந்தது. தன் பழைய சரக்கு லட்சங்களுக்கு ஏலம் போகிறது என்ற செய்தி, புதிய சரக்குக்கு எந்த விளம்பரத்தைவிடவும் நல்ல விளம்பரம். 2002 ஏப்ரலில் பட்டெக் பிலீப் 1939-இல் பிளாட்டினத்தில் செய்த உலக நேரம் காட்டும் கடிகாரம் ஆன்டிகோரம் ஏலத்தில் 66 லட்சத்து 3 ஆயிரத்து 500 பிராங்குக்குப் போனது. விலைப்பட்டியலின் எண்கள் அதன்பின் வேறு உயரத்துக்குச் சென்றன.

டயலைப் படிக்கும் கலை

அனுபவமுள்ள சேகரிப்பாளர் பழைய கடிகாரத்தைக் கையில் எடுத்ததும் அது ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. ஓடாததை ஓட வைத்துவிடலாம். அவர் கண் முதலில் போவது டயலுக்கு. அதன்பின் முட்கள், உறையின் விளிம்புகள், ஸ்ட்ராப் பொருந்தும் கொம்புகள். பலமுறை மெருகேற்றிய உறையில் கூர்விளிம்பு மழுங்கி, பொறித்த எண் தேய்ந்திருக்கும். பளபளக்கும் உறையைவிடக் கீறல் விழுந்த, கை படாத உறைக்கு மதிப்பு அதிகம். கீறல் ஒரு சான்று. மெருகு அந்தச் சான்றை அழித்துவிடுகிறது.

டயலில் இருட்டில் ஒளிரும் பூச்சு இன்னும் நுட்பமான சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தப் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். 1920-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி ரேடியம் பூசிய இளம்பெண்கள் தாடை எலும்பு அழுகி இறந்த கொடுமை இந்த அழகுப்பொருளின் வரலாற்றில் ஒரு பகுதி. 1960-களில் ரேடியத்தின் இடத்துக்கு டிரிட்டியம் வந்தது. 1990-களில் கதிரியக்கமே இல்லாத பூச்சு அதையும் மாற்றியது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். டிரிட்டியத்துக்கு 12 ஆண்டுகளும் சில மாதங்களும்தான். 1950-களில் செய்ததாகச் சொல்லும் டயல் இன்று ஒளிராமல் இருக்கலாம். ஆனால் கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியை அருகில் கொண்டுபோனால் அது சத்தம் போட வேண்டும். போடவில்லை என்றால் டயல் பின்னாளில் மாற்றப்பட்டது, அல்லது பூச்சு புதிதாக வைக்கப்பட்டது. புற ஊதா விளக்கின் கீழ் டயலின் பூச்சும் முட்களின் பூச்சும் வேறு வேறு விதமாக மின்னினாலும் சந்தேகம் எழும்.

குறையே பெருமையாகும் விநோதமும் இங்கே உண்டு. சில கறுப்பு டயல்களின் சாயம் வெயிலும் ஈரமும் பட்டு, பல்லாண்டுகளில் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறிவிடும். தயாரிப்பாளரின் பார்வையில் அது தரக்குறைவு. சந்தை அதை ‘டிராபிகல் டயல்’ என்று அழைத்துப் பல மடங்கு விலை தருகிறது. அப்படி நிறம் மாறிய டயல் ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து வேறுபட்டது என்பது ஒரு காரணம். காலம் செய்த வேலையைப் போலியாகச் செய்வது கடினம் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

யார் கையில் இருந்தது

பொருளின் உடம்பில் இருக்கும் சான்று ஒன்று என்றால், அது கடந்துவந்த கைகளின் சான்று மற்றொன்று. இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஹாலிவுட் நடிகர் பால் நியூமேனின் ரோலெக்ஸ் டேடோனா, மாதிரி எண் 6239. அதன் டயல் அக்காலத்தில் யாருக்கும் பிடிக்காத ஒன்று. எண்களின் வடிவமும், உள்வட்டங்களில் இருந்த சிறு சதுரங்களும் வாடிக்கையாளர்களுக்கு வேடிக்கையாகப் பட்டன. அந்த டயல் கொண்ட கடிகாரங்கள் கடைகளில் தேங்கிக் கிடந்தன. நியூமேனின் மனைவி, நடிகை ஜோன் உட்வர்ட், கார்ப் பந்தயத்தில் இறங்கிய கணவருக்கு அப்படி ஒன்றைப் பரிசளித்தார். பின்பக்கம் ‘பார்த்து ஓட்டுங்கள், நான்’ என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்களைப் பொறித்திருந்தார். நியூமேனின் மணிக்கட்டில் அதைப் படங்களில் பார்த்த சேகரிப்பாளர்கள் அந்த டயலுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

1984-இல் நியூமேன் அதைத் தம் மகளின் நண்பரான இளைஞருக்குக் கழற்றிக் கொடுத்தார். 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் அதை ஏலம் விட்டது. 10 லட்சம் டாலருக்கு மேல் போகும் என்பதே முன்மதிப்பீடு. தொலைபேசி வழியே வந்த முதல் கேள்வியே 1 கோடி டாலர். சுமார் 12 நிமிடங்களில் 1 கோடியே 55 லட்சத்தில் ஏலக்காரர் ஆரெல் பாக்ஸின் சுத்தியல் விழுந்தது. கட்டணம் சேர்த்து 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலர். கடிகாரத்தோடு நியூமேன் அதை அணிந்திருக்கும் ஒளிப்படங்கள் இருந்தன. மகள் கையெழுத்திட்ட கடிதம் இருந்தது. பின்பக்கத்து எழுத்து இருந்தது. இதே டயல் கொண்ட மற்றக் கடிகாரங்கள் அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குத்தான் விற்கின்றன. இடையிலுள்ள தொகை முழுவதும் அந்தப் படங்களுக்கும் கடிதத்துக்கும் எழுத்துக்கும் உரியது.

வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் 1954-இல், தம் நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் பேச்சுவார்த்தை நடந்த ஜெனீவாவில் வாங்கிய ரோலெக்ஸ் 6062 இன்னொரு எடுத்துக்காட்டு. கறுப்பு டயலில் வைரம் பதித்த தங்கக் கடிகாரம். 2002-இல் ஏலத்தில் அதற்கு 3 லட்சத்து 42 ஆயிரம் பிராங்க் கிடைத்தது. அன்று அதுவே பெரிய தொகை. 2017 மேயில் மீண்டும் வந்தபோது 50 லட்சத்து 66 ஆயிரம் பிராங்க். பதினைந்து ஆண்டுகளில் கடிகாரம் மாறவில்லை. அரசரின் வரலாற்றில் புதிதாக எதுவும் சேரவும் இல்லை. அத்தகைய சான்றுக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தவர்களின் எண்ணிக்கைதான் கூடியிருந்தது.

சீனத்தின் கடைசிப் பேரரசர் பூயீயின் கடிகாரம் இவ்வகையில் உச்சம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சோவியத் கைதியாகக் கபரோவ்ஸ்க் முகாமில் இருந்த அவர், தம்மிடம் இருந்த பட்டெக் பிலீப் 96-ஐத் தம் ரஷ்ய மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்தார். ஃபிலிப்ஸ் நிறுவனம் வரலாற்றாசிரியர்கள், பத்திரிகையாளர், விஞ்ஞானிகள் ஆகியோரின் துணையோடு அதன் வழித்தடத்தை மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தது. டயலின் கீழ்ப்பாதியில் வண்ணம் சுரண்டப்பட்டிருந்தது. உள்ளே பிளாட்டினம் இருக்கிறதா என்று பார்க்கப் பூயீ தம் பணியாளரைச் சுரண்டச் சொன்னார் என்ற செய்தி அவருக்கு நெருக்கமானவர்களின் நினைவுகளிலிருந்து கிடைத்தது. வேறு எந்தக் கடிகாரத்திலும் விலையைக் குப்புறத் தள்ளியிருக்கும் சுரண்டல், இங்கே ஆளைக் காட்டும் அடையாளமாகிவிட்டது. 2023 மே மாதம் ஹாங்காங்கில் அது 4 கோடியே 88 லட்சத்து 50 ஆயிரம் ஹாங்காங் டாலருக்குப் போனது.

ஏல மேடையின் பொருளியல்

பழைய சரக்குச் சந்தையின் அடிப்படைச் சிக்கலை 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் ஆகர்லாஃப் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார் வியாபாரம். காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சராசரிக் கார் என்று எண்ணியே விலை கேட்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மாட்டார். மெல்ல மெல்லச் சந்தையில் சொத்தைச் சரக்கு மட்டுமே மிஞ்சும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தச் சிந்தனை ஒரு காரணம்.

பழைய கைக்கடிகாரச் சந்தைக்கு இது அப்படியே பொருந்தும். உறைக்குள் இருப்பது பலநூறு சிறு பாகங்கள். எதை எப்போது யார் மாற்றினார் என்பது வெளியே தெரியாது. இந்த இருட்டில் விளக்குப் பிடிப்பதாகச் சொல்லித்தான் ஏல நிறுவனங்கள் பிழைக்கின்றன. 1744-இல் தொடங்கிய சோதபீஸ், 1766-இல் தொடங்கிய கிறிஸ்டீஸ், 1796-இல் தொடங்கிய ஃபிலிப்ஸ் ஆகிய மூன்றும் தங்கள் பெயரையே உத்தரவாதமாக வைக்கின்றன.

இந்த விளக்கு இலவசம் இல்லை. நியூமேன் கடிகாரத்தில் சுத்தியல் விலைக்கும் இறுதி விலைக்கும் இடையே இருந்த 22 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலர், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம். விலை ஏற ஏறக் கட்டணச் சதவீதம் குறையும்; சிறிய விலைக்கு வாங்குபவர் சுத்தியல் விலையில் கால் பங்கு அளவுக்குக்கூட மேலே வைக்க வேண்டும். விற்பவரிடமும் ஒரு தரகு உண்டு. பெரிய சரக்காக இருந்தால் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருக்க அதைத் தள்ளுபடி செய்வார்கள். குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதமும் கொடுப்பார்கள். விற்பவர் ரகசியமாக நிர்ணயித்த அடிவிலை எட்டும்வரை அவர் சார்பில் ஏலக்காரரே விலையை ஏற்றிக்கொண்டு போவதற்கும் விற்பனை விதிமுறைகளில் இடம் உண்டு. நம் ஊர் ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்பதற்கு முன் கூட்டத்தில் யாரையாவது நிறுத்திவைப்பதாகச் சந்தேகப்படுவோம். அங்கே அதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டே தருகிறார்கள்.

ஏலத்தில் இறுதி விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்லர், தோற்றவர்களில் கடைசியாக விலகியவர். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அதற்கு ஒரு படி மேலே வென்றவர் கொடுக்கிறார். ஏலங்களைப் பற்றி 1961-இல் எழுதிய பொருளியலாளர் வில்லியம் விக்ரியின் ஆய்வுக்கு அடிப்படை இந்தக் கருத்து. அரிய கடிகாரத்துக்கு இதன் பொருள்: உலகில் இரண்டே பேர் பிடிவாதமாக இருந்தால் போதும், சாதனை விலை வந்துவிடும். அந்த இருவரில் ஒருவர் அடுத்த ஆண்டு ஆர்வம் இழந்தால் விலை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளிதழ்கள் ‘சந்தை விலை’ என்று எழுதுவது பல சமயம் இருவரின் ஒரு நாள் மனநிலையை.

1971-இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர் வேறொரு அபாயத்தைச் சுட்டினார்கள். கடலடி எண்ணெய் வயலுக்குப் பலர் விலை கேட்கும்போது, அந்த வயலைப் பற்றி மிகையாக மதிப்பிட்டவரே வெல்கிறார். வென்றதே அவர் ஏமாந்ததற்கு அடையாளமாகிவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் இந்தப் பயத்தால் கையை அடக்கிக்கொள்வார்கள். 1982-இல் பால் மில்க்ரோமும் ராபர்ட் வெபரும் எழுதிய ஆய்வு இதற்கு ஒரு மருந்தைக் கணிதமாக நிறுவியது. விற்பவர் தன்னிடமுள்ள நம்பத்தகுந்த தகவல் அனைத்தையும் முன்கூட்டியே வெளியிடும் வழக்கத்தை வைத்துக்கொண்டால், ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் குறையும். சராசரியாகப் பார்த்தால் விற்பவருக்கு வருமானம் கூடும். மில்க்ரோமுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாட்ரிஸியின் தடித்த பட்டியலும், பூயீ கடிகாரத்துக்கு மூன்றாண்டு ஆராய்ச்சியும் ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. சான்றைச் சேர்ப்பது வரலாற்றின் மேலுள்ள பற்றால் மட்டும் நடப்பதில்லை. ஒவ்வொரு சான்றும் அடுத்த கையை உயர வைக்கும் முதலீடு. ஆனால் அந்தக் கோட்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு: தகவல் நம்பத்தகுந்ததாக இருக்க வேண்டும். சான்றுக்கே விலை என்றான சந்தையில், சான்றைத் தயாரிக்கவும் ஆள் வருவார்.

சான்றே போலியானால்

2007 ஏப்ரலில் ஆன்டிகோரமும் ஒமேகாவும் இணைந்து, ஒமேகா கடிகாரங்களை மட்டும் வைத்து ஜெனீவாவில் ஓர் ஏலம் நடத்தின. 1950-களின் பிளாட்டினக் கடிகாரம் ஒன்று 3 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்குப் போனது. பழைய ஒமேகாவுக்கு இவ்வளவா என்று வியப்பு எழுந்தது. சில மாதங்கள் கழித்து அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் உண்மையை வெளியிட்டது: அதை வாங்கியது ஒமேகாதான். தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கியதாக நிறுவனம் சொன்னது. அது சட்டத்துக்குப் புறம்பானதல்ல. பட்டெக் பிலீப்பும் தன் பழைய கடிகாரங்களை ஏலங்களில் பல ஆண்டுகள் வாங்கிச் சேர்த்து 2001-இல் ஜெனீவாவில் அருங்காட்சியகம் திறந்தது. ஆனால் விலையை ஏற்றும் ஆர்வமும் வாங்கும் ஆர்வமும் ஒரே கையில் இருக்கும்போது, கிடைத்த விலையைச் சந்தையின் தீர்ப்பு என்று அழைப்பது கடினம்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே ஒமேகா மறுபக்கத்தில் மாட்டிக்கொண்டது. 2021 நவம்பரில் ஃபிலிப்ஸ் ஜெனீவாவில் 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை ஏலம் விட்டது. பின்னாளில் நிலவுக்குப் போன கடிகார வரிசையின் முதல் மாதிரி அது. டயல் அழகாகப் பழுப்பேறியிருந்தது. முன்மதிப்பீடு 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் பிராங்க். போன விலை 31 லட்சத்து 15 ஆயிரத்து 500. எந்த ஒமேகாவும் ஏலத்தில் அதுவரை அந்த விலையைத் தொட்டதில்லை.

2023-இல் கதை தலைகீழானது. டயல், உறை, எண்கள் ஆகியவற்றைக் குறித்து சுயாதீன ஆய்வாளர் ஒருவர் ஐயங்களை வெளியிட்டார். அந்த ஜூனில் சுவிஸ் பத்திரிகைகளில் ஒமேகாவே ஒப்புக்கொண்டது: கடிகாரம் பல கடிகாரங்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்தது, அதை வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம், தன் பாரம்பரியப் பிரிவில் இருந்த முன்னாள் ஊழியர்கள் உள்ளிட்டோருக்கு இதில் பங்கு இருக்கிறது. நிறுவனம் குற்றப் புகாரும் கொடுத்தது. ஃபிலிப்ஸ் தன் பங்குக்கு, இயந்திர எண், தயாரிப்புத் தேதி முதலிய விவரங்களை விற்பனைக்கு முன் ஒமேகாவிடமிருந்தே உறுதி செய்துகொண்டதாகச் சொன்னது.

இதில் ஒவ்வொரு கண்ணியையும் கவனிக்க வேண்டும். ஆவணக் காப்பகம் உற்பத்தியாளரிடம். அதை நம்பிப் பட்டியல் எழுதியது ஏல நிறுவனம். பட்டியலை நம்பி விலை கொடுத்தது மீண்டும் உற்பத்தியாளர். சாவியை வைத்திருந்தவர்களில் சிலர்மீதே ஐயம். சரிபார்க்க வேண்டிய மூன்று இடங்களிலும் ஒருவர் மற்றவரைக் காட்டிக் கடந்துவிட்டார்கள். கட்டணம் வாங்காத ஒரு வெளியாள்தான் கடைசியில் பூதக்கண்ணாடியை எடுத்தார். காலம் செய்த வேலையைப் போலி செய்வது கடினம் என்று சந்தை நம்பிய பழுப்பு டயல், ஏமாற்றுவதற்கு வசதியான கவர்ச்சியாகவும் அமைந்துவிட்டது.

இந்தியக் கண்ணி

இந்த உலகச் சந்தையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. பெருமைப்படும்படியான இடம் என்று சொல்ல முடியாது. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பளிச்சென்ற வண்ண டயல் கொண்ட பழைய ஃபேவர் லூபா, எச்எம்டி, சீக்கோ கடிகாரங்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கிண்டலாக அழைக்கிறார்கள். பழைய டயலைச் சுரண்டி, நிறுவனம் ஒருபோதும் செய்யாத நிறத்தில் சாயம் பூசி, பெயரை மறுபடி அச்சிட்டு, கிடைத்த இயந்திரத்தை உள்ளே போட்டு விற்பவை அவை.

ஆனால் டயலுக்கு மறுவண்ணம் பூசுவதே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. கடிகாரம் பல ஆண்டுச் சேமிப்பாக இருந்த வீடுகளில் மங்கிய டயலைப் புதிதாக்கித் தருவது ரிப்பேர் கடைக்காரரின் நேர்மையான தொழில். ரோலெக்ஸ், ஒமேகா நிறுவனங்களின் சேவை மையங்களும் பழைய டயலையும் முள்ளையும் எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தித்தான் பல்லாண்டுகள் திருப்பிக் கொடுத்தன. வாடிக்கையாளருக்கு வேண்டியிருந்தது நேரம் காட்டும் கருவி. அதே கடிகாரத்தை ‘தொடாமல் கிடைத்தது’ என்று சொல்லி விற்கும் கணத்தில் மோசடி பிறக்கிறது. ஜெனீவாவின் ஸ்பீட்மாஸ்டருக்கும் மும்பையின் வண்ண டயலுக்கும் செய்முறையில் பெரிய வேற்றுமை இல்லை. கூடச் சேர்த்த கதையின் தரத்தில்தான் வேற்றுமை.

நம்மிடம் உண்மையான வரலாறும் கிடக்கிறது. சென்னை மவுன்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தன் பெயரை டயலில் பொறித்துக் கடிகாரங்களை விற்றது. விற்ற கடையின் பெயரும் சேர்ந்த டயல் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் ஒன்று. பட்டெக் பிலீப்பின் டயலில் நியூயார்க்கின் டிஃபனி கடையின் பெயரும் இருந்தால் விலை எகிறுகிறது. 1961-இல் தொடங்கி 2016-இல் மூடப்பட்ட எச்எம்டி கடிகாரப் பிரிவின் ‘ஜனதா’ போன்ற மாதிரிகளுக்கும் இன்று ஆர்வலர்கள் இருக்கிறார்கள். எந்த மாதிரி எந்த ஆண்டு எந்த டயலோடு வந்தது என்ற ஆவணம் தொகுக்கப்படாத வரை அவை எல்லாம் மும்பை ஸ்பெஷல்களோடு ஒரே கூடையில்தான் விலை போகும்.

செய்ய வேண்டியவை

இந்தச் சந்தையைப் பணக்காரர்களின் பைத்தியம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு சமூகம் ஒரு பொருளின் வரலாற்றை எப்படி உறுதி செய்கிறது, அந்த உறுதிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி சிலைக்கும் ஓவியத்துக்கும் பழைய கையெழுத்துப் படிக்கும் பொதுவானது. கைக்கடிகாரத்தில் அது கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே ஒவ்வொரு திருகுக்கும் எண்ணுக்கும் பணம் உண்டு.

என் தீர்ப்பு இது: விற்பதால் ஆதாயம் பெறுபவரே சான்றும் தரும் ஏற்பாடு நிலைக்காது. உற்பத்தி நிறுவனங்கள் தங்கள் பேரேடுகளை வெளி ஆய்வாளர்களுக்குத் திறக்க வேண்டும். தாங்களோ தங்கள் அருங்காட்சியகமோ ஏலத்தில் கை தூக்கியிருந்தால் விலையோடு சேர்த்து அதையும் அறிவிக்க வேண்டும். ஏல நிறுவனங்கள், எந்தப் பாகத்தைத் தாங்களே பிரித்துப் பார்த்தன, எதைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதின என்று பட்டியலில் பிரித்துக் காட்ட வேண்டும். வாங்குபவர், விற்பனையில் பங்கில்லாத ஒரு வல்லுநருக்குக் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதை ஆடம்பரமாக எண்ணக் கூடாது.

கோடிகளோடு தொடர்பில்லாத வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தாவின் கடிகாரம் இருந்தால் அதை மெருகேற்றக் கொடுக்காதீர்கள், டயலுக்கு வண்ணம் பூசச் சொல்லாதீர்கள். வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, அதை அணிந்து அவர் எடுத்துக்கொண்ட படம் ஆகியவற்றைக் கடிகாரத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுச் சேர்த்துவிடுங்கள்.